திரிலோகசுந்தரியின் குலமரபு: ஊர்ப்பெயர்ச் சான்று பற்றிய ஒரு குறிப்பு

புத்தளத்துக்குத் தெற்கே, கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதி பிரியுமிடத்தில் அமைந்த ஊர் பாலாவி. மன்னார்ப் பகுதியிலே திருக்கேதீச்சரத்தின் தீர்த்தமும் பாலாவி என்றே வழங்குகின்றது. பெயர் ஒன்றாயிருத்தல் பற்றி இவ்விரண்டையும் ஓரிடமெனக் கொள்வார் எவருமிலர். இவ்வெளிய உண்மை, பொலன்னறுவைக் கால அரசியொருத்தியின் குலமரபை ஆராயுமிடத்துப் பெரிதும் பயன்படுவதாகும்.

1070ஆம் ஆண்டளவிற் சோழராட்சியை அகற்றிப் பொலன்னறுவையைக் கைப்பற்றிய முதலாம் விசயபாகு (1055-1110), கலிங்க அரசகுலத்துத் திரிலோகசுந்தரியை மணந்தான். இவளுக்கு ஐந்து புதல்வியரும் விக்கிரமபாகு என்னும் மைந்தனும் பிறந்தனர் எனச் சூளவம்சம் கூறும். மதுகண்ணவன், பீமராசன், பலக்காரன் என்னும் அவளுடைய உறவினர் மூவர் சிங்கபுரத்திலிருந்து ஈழம் வந்தனர் என்பதும் அந்நூற் செய்தியே.

அச்சிங்கபுரம் யாண்டுளது? இவ்வினாவுக்குப் பேராசிரியர் செ. பரணவிதான 1966இல் வெளியிட்ட 'இலங்கையும் மலேசியாவும்' என்னும் நூலிற் புதியதொரு விடை கூறினார். ஈழ வரலாற்றிற் பேசப்படும் கலிங்கம் மலாய் உலகத்தைச் சார்ந்தது என்பது அவர் கொள்கை. கல்வெட்டு வரிகளுக்கிடையே தாம் வாசித்தனவாகக் கூறிய எழுத்துக்களை அவர் பெருந்துணையாகக் கொண்டார். அவ்வாசிப்புக்களை ஏனையோர் உறுதிப்படுத்த இயலவில்லை. கா. இந்திரபாலா, ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன முதலிய ஆய்வாளர் அக்கொள்கையை மறுத்தனர்.

மறுப்புக்கு வலிமை தரும் சான்றுகள் இந்தியக் கலிங்கத்திலேயே உள்ளன. கலிங்கத்தின் பண்டைய மன்னர் சிலர் சிங்கபுரத்திலிருந்து செப்பேடுகள் வழங்கியுள்ளனர். அவ்வூர் இன்றைய ஆந்திரத்துச் சிறீகாகுளத்துக்கு அணித்தாயுள்ள சிங்குபுரம் என்பர். ஆயினும், பெயரொற்றுமை ஒன்றே போதியதன்று. பாலாவி உணர்த்தும் பாடமும் அதுவே. எனவே பிற சான்றும் வேண்டப்படும். மதுகண்ணவன் என்னும் பாளிப் பெயர், கீழைக் கங்கர் மரபிற் காணப்படும் மதுகாமார்ணவன் என்னும் பெயரோடு ஒத்துச் செல்கின்றது. பிற்காலத்திற் கலிங்கத்துச் சிங்கபுரத்தவனெனத் தன்னைக் கூறிக்கொண்ட நிசங்கமல்லனின் (1187-1196) தேவியருள் ஒருத்தி கங்கவம்சக் கல்யாணமகாதேவி எனப்பட்டாள். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் குலப்பெயரும் ஒருசேர ஒரு திசையையே சுட்டுமிடத்து முடிபு உறுதிபெறுகின்றது. திரிலோகசுந்தரி வங்கக் கடலின் மேலைக்கரைக் கலிங்கத்தவள் எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இம்முடிபு வெறும் வமிசாவளி நுணுக்கமன்று. விசயபாகு தன் தங்கை மித்தாவைச் சோழ மன்னன் வேண்டியும் கொடாது பாண்டிய அரச குமாரனுக்கு அளித்தான். அவர்தம் மைந்தன் மானாபரணன், திரிலோகசுந்தரியின் மகள் இரத்தினாவலியை மணந்தான். அவ்விருவருக்கும் பிறந்தவனே மகா பராக்கிரமபாகு (1153-1186). ஆகவே அவனுடைய தந்தைவழிப் பாட்டன் பாண்டியன். தாய்வழிப் பாட்டி கலிங்கத்தவள். ஏனைய இருவரும் ஈழத்து அரசகுலத்து உடன்பிறந்தார்.

ஈழத்துப் பேரரசருள் தலைசிறந்தவனாகப் போற்றப்படும் ஒருவனின் குருதியிலே மூன்று நாடுகள் கலந்துள்ளன. இடைக்கால அரசகுலங்களை இக்கால இனப்பிரிவுகளுள் அடைத்துக் காண்போர், தந்தைவழியை மட்டும் நோக்காது, அரண்மனைக்கு வந்த பெண்டிரின் வழியையும் ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயுமிடத்து, ஈழத்து வரலாறு கடலால் வேலியிடப்பட்டதன்று, கடல்வழியே இணைக்கப்பட்டது என்பது தெளிவாகும்.