கோலார் தங்கவயல்: தங்கம் தீர்ந்ததாலதான் மூடினாங்களா?

பழனி பக்கத்துல இருக்கிற எங்க பாலசமுத்திரத்துல நின்னு தெற்கே பார்த்தா, மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அதுக்கு மேல இருக்கிற கொடைக்கானல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அந்த உயரத்தை அப்படியே தலைகீழா பூமிக்குள்ள இறக்கினாலும், கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தோட அடியைத் தொடாது. அதன் ஆழம் சுமார் 3,200 மீட்டர். அடியில பாறையோட சூடு மட்டும் 60 டிகிரிக்கு மேல.

அந்தச் சூட்டுல வேலை பார்த்தது யாருன்னா, பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், தருமபுரி பக்கத்திலிருந்து போன தமிழர்கள். அவங்கள்ல மிகப் பலர் தலித் மக்கள்.

மைக்கேல் லவெல் என்பவர் 1875-ல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் உள்ளே வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தாங்க. 1956-ல் சுரங்கம் அரசுடைமை ஆனது. 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது.

இத்தனை வருஷத்துல கிடைச்ச தங்கம் சுமார் 800 டன். நம்ம கணக்குல 10 கோடி பவுன்!

அப்போ, தங்கம் தீர்ந்துபோச்சா? இல்லை. கணக்குதான் உதைச்சது. ஆரம்ப காலத்துல ஒரு டன் பாறையில 47 கிராம் வரை, அதாவது கிட்டத்தட்ட 6 பவுன் கிடைச்சது. கடைசியில 3 கிராம்கூட தேறல. ஒரு பவுனுக்காக கிட்டத்தட்ட 3 டன் பாறையை ஆழத்திலிருந்து தூக்கி, அரைச்சு, சயனைடு கரைசல்ல பிரிக்கணும். அப்போ உலகச் சந்தையில தங்கம் ஒரு அவுன்ஸ் சுமார் 260 டாலர்தான். கட்டுப்படி ஆகலை.

பத்தே வருஷத்துல, 2011-ல், அதே அவுன்ஸ் 1,800 டாலரைத் தாண்டியது. ஆனா அதுக்குள்ள சுரங்கத்துல தண்ணீர் நிறைஞ்சிருந்தது. அங்கே வேலை பார்த்த குடும்பங்களோட பிள்ளைகள் காலை ரயிலைப் பிடிச்சு பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கிட்டிருந்தாங்க. இன்னைக்கும் போறாங்க.

லாப நஷ்டக் கணக்குல வராத பாக்கி ரெண்டு இருக்கு. ஒண்ணு, பாறைத்தூசியை சுவாசிச்சு சிலிகோசிஸ் வந்த நுரையீரல்கள். இன்னொண்ணு, தங்கம் எடுத்தபிறகு கொட்டின கழிவு மண்மேடுகள். அதுல 3 கோடி டன்னுக்கு மேல மண் இருக்கு. காத்தடிச்சா அந்தத் தூசி வீடுகளுக்குள்ள வரும்.

அந்த மேடுகள்ல இன்னும் கொஞ்சம் தங்கம் ஒட்டியிருக்கு. அதை எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எத்தனை கிலோ வரும்னு கணக்குப் போடுவாங்க. போடட்டும். அந்தத் தூசிக்குள்ளேயே வாழ்ந்த குடும்பங்களுக்கு அதுல எவ்வளவுன்னும் இந்த முறை சேர்த்துப் போடணும்.