பத்திரத்தின் பின்பக்கம்



காலையில் பால் வாங்கி, மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடந்து, தண்ணீர் மோட்டார் போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு வந்தால் மணி எட்டுதான் ஆகிறது. மீதி நாளை என்ன செய்வது என்பது ஓய்வு பெற்ற நம் எல்லோருக்கும் உள்ள கேள்வி. நான் பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன். எனக்குக் கிடைத்த பதில் குடும்ப வரலாறு. பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் பழைய காகிதங்களைப் பரப்பினால், "மேஜையைக் காலி பண்ணுங்க" என்று வீட்டம்மா சொல்லும்போதுதான் மணி ஒன்று ஆனது தெரியும்.

மதுரையில் இருக்கும் நம்மில் கொடைக்கானல் போகாதவர் யாரும் இருக்க மாட்டோம். எங்கள் பூர்வீகம் அந்த மலையின் அடிவாரம், பெரியகுளம் பக்கம். "கோடை ஏரியை வெட்டிய மேஸ்திரி உங்க தாத்தா" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கல்லூரியில் படிக்கும்போது நண்பர்களை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு, அந்தக் கதையை முறையாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் நாளே கணக்கு இடித்தது. கோடை ஏரி 1863-ல் உருவானது. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் முயற்சி எடுத்து, ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு உண்டாக்கினார். அவரும் நம் இனம்தான். 1867-ல் ஓய்வு பெற்றதும் கொடைக்கானலிலேயே குடியேறிவிட்டார். என் அப்பா பிறந்தது 1928. தாத்தா 1863-ல் மேஸ்திரி என்றால், அப்பா பிறக்கும்போது அவருக்கு தொண்ணூறு வயதாவது இருக்க வேண்டும். இந்த டேலி எந்த வங்கியிலும் செல்லாது.

அப்படியானால் தாத்தா யார்? விடை அத்தை வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்தது. திருமணப் பத்திரிகைகள், மொய் நோட்டுகள், கருமாதிப் பத்திரிகைகள் இவற்றுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு முத்திரைத்தாள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்டது. பிரமாதீச வருடம் ஆவணி மாதம், அதாவது 1913-ல், கூரை வீட்டை 50 ரூபாய்க்கு அடமானம் வைத்த பத்திரம். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். எழுதிக் கொடுத்தவர்கள் கொள்ளுத் தாத்தாவும், அவருடைய மேஜர் குமாரனான என் தாத்தாவும். அந்தக் காலப் பத்திரங்களில் பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் எழுதுவார்கள். இருவர் பெயருக்கும் பக்கத்தில் இருந்தது: "ஜீவனம் சுமை கூலி".

அது என்ன சுமை என்று புரிய, மலைக்கு அன்று எப்படிப் போனார்கள் என்று தெரிய வேண்டும். 1821-ல் வார்டு என்ற ராணுவ அதிகாரி பழனி மலையை அளந்தார். 1845-ல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார் அங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1875-ல் ரயில் பாதை வந்ததும், அம்மையநாயக்கனூரில் 'கொடைக்கானல் ரோடு' ஸ்டேஷன் வந்தது. அங்கே இறங்கும் துரைமார் குடும்பம், இரவெல்லாம் மாட்டு வண்டியில் பயணித்து மலையடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்கு வந்து சேரும். அதற்கு மேல் வண்டி போகாது. ஏறக்குறைய 7,000 அடி உயரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் ஏற்றம். குதிரை உள்ளவர் குதிரையில் போனார். மற்றவர்களை நாற்காலியிலும் டோலியிலும் உட்கார வைத்து ஆட்கள் தூக்கிப் போனார்கள். பெட்டி, படுக்கை, பாத்திரம் எல்லாம் தலையிலும் தோளிலும்தான் ஏறின. கொடைக்கானல் 1899-ல் நகராட்சி ஆனது. அதே ஆண்டு சூரிய ஆராய்ச்சி நிலையமும் அங்கே தொடங்கியது. இவையெல்லாம் மோட்டார் சாலை வருவதற்கு முன்பு.

மோட்டார் சாலை 1910-களின் நடுவில் வத்தலக்குண்டு வழியாக வந்தது. மேஜர் லா பெயரில்தான் அது 'லாஸ் காட்' ஆனது.

இனி பத்திரத்தின் பின்பக்கத்துக்கு வாருங்கள். கடன் கொடுத்தவர், வரவு வந்தபோதெல்லாம் அங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மொத்தம் ஒன்பது வரிகள். ஆனந்த வருடம், அதாவது 1914: சித்திரை 4 ரூபாய், வைகாசி 4, ஆனி 4. ராட்சச வருடம், 1915: மறுபடியும் அதே மூன்று மாதம், அதே நான்கு நான்கு ரூபாய். மற்ற மாதங்களில் ஒரு காசு இல்லை. ஏன் இந்த மூன்று மாதம் மட்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன். நாம் இன்று குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் ரூம் கிடைக்காமல் அலையும் மாதங்கள்தானே அவை! கொடைக்கானல் சீசன். சீசனில் துரைமாரைத் தூக்கிய கூலியில்தான் கூரை வீட்டுக் கடன் அடைந்துகொண்டிருந்தது.

நள வருடம், 1916, வைகாசி: 3 ரூபாய். அந்த வருட வட்டிக்கே அது காணாது. அதற்குப் பிறகு மூன்றரை வருடம் ஒரு வரவும் இல்லை. சாலை வந்ததால்தான் கூலி போனது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உலகப் போர் நடந்த காலம், விலைவாசியும் ஏறியிருந்தது. ஆனால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தோன்றுவது அதுதான். நமக்கு மலைக்குப் போகும் வழியைத் திறந்த சாலை, தாத்தாவுக்கு வேலையை மூடியிருக்கிறது.

நின்ற கடனுக்கு வட்டி போட்டுப் பார்த்தேன். 27 ரூபாய் கட்டிய பிறகும் பாக்கி 53 ரூபாய். வாங்கிய கடனைவிட அதிகம்! கடைசி இரண்டு வரிகள் சித்தார்த்தி வருடம் தை மாதம், 1920: "பசு ஒன்று பிடித்த வகையில் ரூ. 18. தண்டட்டி ஜோடி ஒன்று எடுத்த வகையில் ரூ. 35." அடியில் "பைசல்".

அத்தைக்கு வயது தொண்ணூறு. கண் மங்கல், காது கூர்மை. அவரிடம் போய்ப் படித்துக் காட்டினேன். "அப்பத்தாவுக்குத் தண்டட்டி இருந்துச்சா அத்தை?" என்றேன்.

"தொங்குன காது கடைசி வரைக்கும் வெறுங்காதாத்தான்டா கெடந்துச்சு. பழனி உண்டியல்ல போட்டுட்டேன்னு சொல்லுவா" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் பொறந்த வீடு எங்காத்தா காதுல இருந்ததா?" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மேஸ்திரி கதையும் உண்டியல் கதையும் ஒரே நாளில் போய்விட்டன. ஆனால் அவற்றுக்குப் பதிலாக வந்தது சிறியதா? நீங்களே சொல்லுங்கள்.

என் அண்ணனுக்கு இதில் சம்மதமில்லை. "பேரனுக்குப் பொண்ணு பாக்குற நேரத்துல கூலி, கடன்னு எழுதுவியா?" என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் தாத்தா பெயரையும் ஊர்ப் பெயரையும் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார். நானும் ஒப்புக்கொண்டேன். எழுதி முடித்துப் படித்தபோதுதான் உறைத்தது. லெவிஞ்ச், லா என்று துரைமார் பெயரெல்லாம் இந்தக் கட்டுரையில் இருக்கின்றன. அவர்களைத் தூக்கியவர் பெயர் இதிலும் இல்லை. கோக்கர் 1872-ல் போட்ட பாதையில் நாம் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நடக்கிறோம். பிரையன்ட் 1908-ல் அமைத்த பூங்காவில் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சுமைப்பாதையில் ஏறியவர்களுக்கு ஒரு பலகை கூட நான் பார்த்ததில்லை. அண்ணனிடம் இன்னொரு முறை பேசப்போகிறேன்.

நீங்களும் தேடிப் பார்க்க விரும்பினால், என் அனுபவத்தில் சில சொல்கிறேன்.

தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். 'ஆனந்த' என்றால் 1914-ஆகவும் இருக்கலாம், 1974-ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் இருப்பது மன்னர் தலையா, அசோகச் சின்னமா என்று பாருங்கள்.

இணையத்தில் பார்க்கும் வில்லங்கச் சான்று மிகப் பழைய காலத்துக்குக் கிடைக்காமல் போகலாம். அப்படிக் கிடைக்காததற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மாவட்டம் பிரிந்ததையும் மறக்க வேண்டாம்: பழைய மதுரை மாவட்டத்தில் இருந்த கொடைக்கானல் 1985-ல் திண்டுக்கல்லுக்கும், பெரியகுளம் 1996-ல் தேனிக்கும் போயின.

எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்களில் வெட்டிய பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டில் யார் எந்த ஊரிலிருந்து எழுதினார்கள் என்று பார்த்தால் விட்டுப்போன உறவு பாதி கிடைக்கும்.

முக்கியமாக, பழைய பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்.  எங்கள் பத்திரம் பதிவாகவில்லை. எந்த அரசு அலுவலகத்திலும் அதற்கு நகல் கிடையாது. கடன் தீர்ந்ததும் திருப்பிக் கொடுத்த அந்த ஒரே தாளை, யாரோ ஒருவர் நூறு வருடம் கரையானிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார். அது அப்பத்தாவாகத்தான் இருக்கும் என்று அத்தை சொல்கிறார்.

உங்கள் வீட்டிலும் படிக்க முடியாத பழைய பத்திரம் இருந்தால், ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது. பின்பக்கத்தையும் சேர்த்துப் படிப்போம்.