பாரிஸில் ஓர் அத்தர்க் கடை

சரித்திரம் எழுதுகிறவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது, செப்பேடு இருக்கிறது, நாணயம் இருக்கிறது. கண் கண்டதும் காது கேட்டதும் ஏதாவது ஒரு வடிவத்தில் தங்கிவிடுகின்றன. மூக்கின் சரித்திரத்துக்குத்தான் சாட்சி கிடைப்பதில்லை. பதினான்காம் லூயி மன்னனின் சபை எப்படி இருந்தது என்பதற்குச் சித்திரங்கள் இருக்கின்றன. அங்கே என்ன மணந்தது, என்ன நாறியது என்பது அன்றைக்கு இருந்தவர்களோடு போய்விட்டது.

இந்தக் குறையை ஓரளவு தீர்த்து வைப்பவை பழைய வாசனைக் கடைகள். 1889-ஆம் வருஷம் பாரிஸில் பிறந்த ஒரு வாசனையை அதே பெயரோடு இன்றைக்கும் காசு கொடுத்து வாங்கலாம். ஈபல் கோபுரம் திறக்கப்பட்ட வருஷம் அது. கோபுரத்தைப் பார்க்கப் பாரிஸுக்குப் போகவேண்டும். இந்த வாசனையோ ஒரு சீசாவில் அடங்கி நம்மைத் தேடி வந்துவிடும். அதைச் செய்தது கெர்லேன் என்ற குடும்பம். கிட்டத்தட்ட இருநூறு வருஷக் கதை உள்ள அந்தக் கடையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

பியேர் பிரான்ஸுவா பஸ்கல் கெர்லேன் என்பவர் 1828-இல் பாரிஸ் ரிவோலி வீதியில், மியூரிஸ் ஹோட்டலின் கீழ்த்தளத்தில் கடை வைத்தார். இங்கிலாந்து போய் ரஸாயனம் படித்து வந்தவர். கடைக்கு இடம் தேர்ந்தெடுத்ததிலேயே மனிதரின் சாமர்த்தியம் தெரிகிறது. மியூரிஸ் ஹோட்டல், பாரிஸுக்கு வரும் பணக்கார இங்கிலீஷ்காரர்கள் தங்கும் இடம். படி இறங்கி வந்தால் சோப்பும் பன்னீரும் எதிரே நிற்கும். வியாபாரம் வளர்ந்தது. 1853-இல் மூன்றாம் நெப்போலியன் யூஜெனி சீமாட்டியைக் கலியாணம் செய்துகொண்ட போது, புதுச் சக்கரவர்த்தினிக்கென்று எலுமிச்சையும் நாரத்தையும் மணக்கும் ஒரு வாசனை நீரைத் தயாரித்துக் கொடுத்தார் கெர்லேன். அந்தச் சீசாவின் மேல் தேனீக்கள் புடைத்து நிற்கும். தேனீ நெப்போலியன் வம்சத்தின் சின்னம். எண்ணிப் பார்த்தவர்கள் அறுபத்தொன்பது என்கிறார்கள். சக்கரவர்த்தி 1870-இல் சிறைப்பட்டார், பட்டம் போயிற்று, சக்கரவர்த்தினி இங்கிலாந்துக்கு ஓடினாள். தேனீக்கள் மட்டும் சீசாவை விட்டுப் பறக்கவேயில்லை.

முதல் கெர்லேன் 1864-இல் காலமான பிறகு பிள்ளைகள் இருவரும் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். கேப்ரியல் கணக்கையும் நிர்வாகத்தையும் பார்த்தார். ஏமே மூக்கைப் பார்த்துக்கொண்டார். வாசனை கூட்டுகிறவனைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘மூக்கு’ என்றே அழைக்கிறார்கள். 1889-இல் ‘ஜிக்கி’யைச் செய்தவர் இந்த ஏமே.

ஜிக்கியின் விசேஷம் இதுதான். அதற்கு முன்னால் கௌரவமான வாசனை என்றால் ஒரு பூவின் பெயரைச் சொல்லியாக வேண்டும். ரோஜா என்றால் ரோஜா மணக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ரஸாயனக்காரர்கள் வேறு வேலையில் இருந்தார்கள். வில்லியம் பெர்கின் என்ற இங்கிலீஷ்காரர் 1868-இல் கூமரின் என்ற பொருளைச் சோதனைச் சாலையிலேயே செய்துவிட்டார். அறுத்த புல் வெயிலில் காயும்போது வருமே, அந்த வாசனை. 1874-இல் டீமன், ஹார்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் பைன் மரத்துச் சாற்றிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு வனில்லாவின் மணத்தை எடுத்தார்கள். ஹூபிகாங் என்ற இன்னொரு பாரிஸ் கடை 1882-இலேயே கூமரினைப் போட்டு ‘ராஜப் பெரணி’ என்று பொருள்படும் பெயரில் ஒரு வாசனையை விற்றது. பெரணிச் செடிக்கு அப்படி ஒரு வாசனையே கிடையாது! ஏமே இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். மேலே லாவெண்டரும் பெர்கமாட் எலுமிச்சையும். நடுவே கூமரினும் செயற்கை வனில்லாவும். அடியில் நம்மவர்களுக்குப் பழக்கமான புனுகு. முகர்ந்தால் எந்தப் பூவும் ஞாபகத்துக்கு வராது. ஓர் ஆள் பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருக்கும். ஆண்கள்தான் இதை முதலில் விரும்பினார்கள், பெண்கள் பின்னால்தான் பழகினார்கள் என்று சொல்வதுண்டு. பெயரைப் பற்றியும் இரண்டு கதை: ஏமே இங்கிலாந்தில் காதலித்த பெண்ணின் பெயர் என்பார்கள்; தம்பி மகன் ஜாக்கின் செல்லப் பெயர் என்பார்கள். கடைக்கு இரண்டுமே லாபந்தான்.

அந்தத் தம்பி மகன் ஜாக் கெர்லேனிடம்தான் குடும்பக் கலை உச்சத்துக்குப் போயிற்று. 1912-இல் ‘நீல வேளை’ என்று ஒன்றைச் செய்தார். சூரியன் இறங்கி, நட்சத்திரம் இன்னும் புறப்படாத அந்தச் சில நிமிஷங்களுக்கு வைத்த பெயர். இரண்டு வருஷத்தில் முதல் உலக யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்து 1919-இல் வந்தது ‘மித்ஸுகோ’. இரண்டுக்கும் ஒரே சீசா. தலைகீழாகக் கவிழ்த்த இருதயம் போன்ற மூடி. ஒரே வீட்டின் இரண்டு கதவு மாதிரி, நடுவே நாலு வருஷ ரத்தத்தை வைத்துக்கொண்டு அவை நிற்கின்றன.

மித்ஸுகோ என்பவள் ஒரு நாவல் பாத்திரம் என்பதால் எனக்கு அவளிடம் தனிப் பிரியம். கிளோத் பாரேர் என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர் 1909-இல் வெளியிட்ட ‘யுத்தம்’ என்ற நாவலில், ஜப்பானியக் கடற்படை அதிகாரி ஒருவரின் மனைவி அவள். ருஷ்ய - ஜப்பான் போர்க் காலத்துக் கதை. நாவலை இன்று படிப்பவர்கள் அபூர்வம். கதாநாயகியின் பெயர் நூறு வருஷம் தாண்டியும் கடைத்தெருவில் வாழ்கிறது. எழுத்தாளனுக்கு இப்படியும் ஒரு மோட்சம்! ஆனால் சீசாவில் ஜப்பான் எங்கே இருக்கிறது? பீச் பழத்தின் மணம் தரும் ஒரு ரஸாயனம் அதில் இருக்கிறது. தொழிலில் அதற்கு ‘ஆல்டிஹைட் ஸி-14’ என்று பெயர். ரஸாயன சாஸ்திரப்படி அது ஆல்டிஹைடே இல்லை. அதற்குக் கீழே ஓக் மரத்தில் படரும் பாசியின் ஈர வாசனை. ஜப்பான் என்று சொல்ல மித்ஸுகோவின் பெயர் ஒன்றுதான்.

இதைவிடப் பெரிய கற்பனை நம் தேசத்தைப் பற்றியது. 1925-இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியில் ‘ஷாலிமார்’ வைக்கப்பட்டது. மொகலாயத் தோட்டத்து நீரூற்றுத் தொட்டி போன்ற சீசா, விசிறி போல் விரிந்த நீல மூடி. ஷாஜஹானும் மும்தாஜும் ஷாலிமார் தோட்டத்தில் காதல் செய்தார்கள், அந்தக் காதலின் வாசனை இது என்று கதை. உலகமே மயங்கிற்று. சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினால் கதை கொஞ்சம் தடுமாறுகிறது. காஷ்மீரத்து ஷாலிமார் 1619-இல் ஜஹாங்கீர் போட்ட தோட்டம். அதன் காதல் பெயர் நூர்ஜஹான். ஷாஜஹான் சக்கரவர்த்தியாகி லாகூரில் போட்ட ஷாலிமாரோ 1641-இல் தொடங்கியது. மும்தாஜ் 1631-இலேயே புர்ஹான்பூரில் பிரசவத்தில் இறந்துவிட்டாள். லாகூர் தோட்டத்தில் அவள் கால் பட்டிருக்க முடியாது.

சீசாவில் இருப்பதைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. மேலே இத்தாலியின் தெற்குக் கோடியில் விளையும் பெர்கமாட். கீழே எதில் வனில்லின் என்ற பொருள். சாதாரண வனில்லினை விட மூன்று மடங்கு வீரியம். ஜாக் விளையாட்டாக அதை ஜிக்கியில் ஊற்றிப் பார்த்தபோது ஷாலிமார் பிறந்தது என்று கதை சொல்கிறார்கள். காஷ்மீரத்து மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் ஷாலிமாரைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வராது. எலுமிச்சையின் கூர்மை மறைந்து, புகையும் தோலும் வனில்லாவும் மெல்ல எழும்பும் அந்தக் கட்டம் உயர்ந்த வேலைப்பாடு. பொய் விளம்பரத்தில்தான் இருக்கிறது, வாசனையில் இல்லை.

கெர்லேன் வாசனைகள் பலவற்றில் அடியில் ஒரு குடும்பச் சாயல் ஓடும். ‘கெர்லினாட்’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ரோஜா, மல்லிகை, ஐரிஸ் கிழங்கு, டோங்கா விதை, எல்லாவற்றுக்கும் மேலாக வனில்லா. இந்த வனில்லாவுக்கு ஒரு கதை உண்டு. அதை அந்தக் கடை விளம்பரத்தில் நான் பார்த்ததில்லை.

வனில்லா மெக்ஸிகோ நாட்டுக் கொடி. அங்கே பூச்சிகள் மகரந்தம் சேர்த்துக் காய்க்கவைக்கும். வேறு தேசத்துக்குக் கொண்டுபோனால் பூக்கும், காய்க்காது. இந்து மகா சமுத்திரத்தில் ரெயூனியன் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் கொடியை வைத்துக்கொண்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். 1841-இல் எட்மண்ட் என்ற கறுப்புச் சிறுவன் சிறு குச்சியால் பூவுக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பைத் தூக்கி, கட்டை விரலால் மகரந்தத்தை அழுத்திக் காய்க்கவைத்தான். அவனுக்கு வயது பன்னிரண்டு. அடிமை. உலகத்து வனில்லாத் தோட்டங்களில் இன்றைக்கும் பெண்களும் ஆண்களும் காலையில் பூ பூவாகச் செய்வது அந்தப் பையன் காட்டிய முறையைத்தான். 1848-இல் அடிமைத்தனம் ஒழிந்தது. அவனுக்கு ஆல்பியுஸ் என்று ஒரு குடும்பப் பெயர் கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை. 1880-இல் வறுமையில் செத்தான்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. ஜாக்கின் பேரன் ஜான் பால் கெர்லேன் குடும்பத்தின் கடைசி மூக்கு. 1989-இல் சந்தனத்தையும் மல்லிகையையும் பிரதானமாக வைத்து ‘ஸம்ஸாரா’ என்று ஒன்றைச் செய்தவர். பிறவிச் சுழல் என்ற கருத்தில் வைத்த பெயர்; நம் வீடுகளில் சம்சாரம் என்றால் யார் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குடும்பம் 1994-இல் கடையை எல்விஎம்ஹெச் என்ற பெரிய கம்பெனிக்கு விற்றது. அவர் 2002-இல் ஓய்வு பெற்றார். 2010-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஸம்ஸாராவைச் செய்த கதையைச் சொல்லும்போது, தாம் பட்ட பாட்டைக் கறுப்பு மக்களின் உழைப்போடு ஒப்பிட்டு, அவர்கள் எப்போதாவது அப்படி உழைத்தார்களா என்று இளப்பமாகப் பேசிவிட்டார். கடை வாசலில் ஜனங்கள் கூடிக் கண்டனம் செய்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார். 2012-இல் பாரிஸ் நீதிமன்றம் ஆறாயிரம் யூரோ அபராதம் விதித்தது.

ஒரு மனிதனின் வாழ்நாளை ஒரு வாக்கியத்தை வைத்து அளப்பது எனக்குப் பிடிக்காது. அவர் மூக்கின் அருமையையும் நான் குறைக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பதில் அவர் குடும்பத்துச் சீசாக்களுக்குள்ளேயே இருந்தது. வனில்லாவைக் கையில் எடுக்கும் போதெல்லாம் ஒரு கறுப்புச் சிறுவனின் கட்டை விரல் ரேகையையும் சேர்த்தே எடுத்தார்கள் அந்த வம்சத்து மூக்குகள். அதை முகரத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இன்றைக்குக் கடை கெர்லேன் குடும்பத்தின் கையில் இல்லை. 2008-இல் தியரி வாஸர் என்ற ஸ்விட்ஸர்லாந்துக்காரர் அங்கே மூக்கானார். வம்சத்துக்கு வெளியே இருந்து அந்த ஆசனத்துக்கு வந்த முதல் ஆள். பழைய சூத்திரங்களைக் காப்பாற்றுவது எளிய வேலை அல்ல. மித்ஸுகோவின் உயிரான ஓக் பாசி சிலர் சருமத்துக்கு ஒவ்வாது என்று அளவு குறைத்துவிட்டார்கள். அதனால் வாசனையும் மாறிற்று. அசல் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்களுக்கு வெர்ஸேல்ஸில் 1990 முதல் ஒரு வாசனைக் காப்பகம் இருக்கிறது. காற்றுப் படாமல், குளிரில், வெளிச்சம் இல்லாமல், செத்துப்போன வாசனைகளை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

மித்ஸுகோ என்றும் ஷாலிமார் என்றும் ஸம்ஸாரா என்றும் கிழக்கு தேசத்துப் பெயர்களைக் கனவாக்கி விற்ற இந்தக் கடை, ஒரு முறை அலங்காரம் இல்லாமல் பொருளின் பெயரையே சீசாவில் எழுதிற்று. ஜான் பாலின் இளமைக் காலத்து வேலை அது, 1959. புகையிலை, ஜாதிக்காய், எலுமிச்சை எல்லாம் சேர்த்திருந்தாலும் நடுநாயகம் ஒரு வேரின் தைலம். மண்ணுக்குள் கைவிட்ட மாதிரி இருக்கும் அந்த வாசனை. பிரெஞ்சுக்காரர்கள் ‘வெதிவேர்’ என்று உச்சரிக்கிறார்கள். அது நம் வெட்டிவேர்தான். அகராதிகளும் அது தமிழ்ச் சொல் என்றே ஒப்புக்கொள்கின்றன.

வேர் இப்போது பெரும்பாலும் ஹெய்ட்டியிலும் ஜாவாவிலும் விளைகிறது. பானைத் தண்ணீரில் போட்டுக் குடித்தும், தட்டியாக்கி ஜன்னலில் தொங்கவிட்டு நனைத்தும் கோடையை ஓட்டிய நம் ஊர்களில் அதன் பயிர் சுருங்கிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. கடப்பாரையால் மண்ணை வெட்டி அந்த வேரை எடுத்த, பெயர் தெரியாத யாரோ ஒருவர் தாம் செய்த வேலையையே அதற்குப் பெயராக வைத்தார். ஷாஜஹானின் காதலைப் பற்றிக் கடை சொன்னது கதை. இந்த ஒரு சீசாவின் மேல் எழுதியிருப்பது சரித்திரம்.