வந்த பதவிகளும் விட்ட பதவிகளும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை மணலில், கல்லடி உப்போடையில், 1929இல் சிவானந்த வித்தியாலயம் தொடங்கியது. அதற்கு இரண்டு வயது ஆனபோது, அதை உருவாக்கிய விபுலானந்த அடிகளுக்குச் சிதம்பரத்திலிருந்து அழைப்பு வந்தது. அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகமும் அந்த 1929இல் பிறந்ததுதான். அங்கே தமிழ்ப் பேராசிரியர் பதவி காத்திருந்தது.

போவதா, இருப்பதா? பள்ளி இன்னும் வேர் பிடிக்கவில்லை. அவரோ இராமகிருஷ்ண மடத்துத் துறவி. மடத்தின் இசைவும் வேண்டும்.

நல்ல பதவியை எடை போட்டுப் பார்ப்பது அவருக்குப் புதிதல்ல. 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனனார், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வில் வென்றவர்; கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விஞ்ஞானம் கற்பித்தவர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பொறுப்பும் அவ்வாண்டே கிடைத்தது. அன்றைய படித்த இளைஞர் ஒருவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டே ஆண்டில் அதை விட்டுவிட்டு மயிலாப்பூர் மடத்தில் போய்ச் சேர்ந்தார். 1924இல் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். ஊருக்குத் திரும்பி அவர் எழுப்பிய பள்ளிக்கு வைத்ததும் குரு சிவானந்தரின் பெயரே.

மானிப்பாயை விட்டவர், சிதம்பரத்தை ஏற்றார். இரண்டு முடிவுகளும் முரண்படுவதுபோலத் தோன்றும். ஆனால் அவர் பார்த்தது பதவியின் உயரத்தை அல்ல, அங்கே செய்யக் கிடைக்கும் வேலையை என்பதே அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால் தெரிகிறது. அண்ணாமலையிலும் அவர் நிலைத்து உட்காரவில்லை. 1933இல் பதவியைத் துறந்தார். பிறகு 1939 முதல் 1941 வரை இமயமலையில், மாயாவதி ஆசிரமத்தில் தங்கி 'பிரபுத்த பாரத' இதழின் ஆசிரியராக இருந்தார்.

இத்தனை இடமாற்றங்களுக்கிடையிலும் ஒரு வேலை மட்டும் அவருடனே பயணம் செய்தது. மறைந்துபோன பழந்தமிழர் யாழை மீட்டெடுக்கும் ஆராய்ச்சி அது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் உரைகளையும் ஒரு கையில் வைத்துக்கொண்டார்; மறு கையில் விஞ்ஞானக் கல்வி தந்த கணக்கு. ஒரே இழுவிசையில் நரம்பைப் பாதியாகக் குறைத்தால் சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறும். மூன்றில் இரண்டாக்கினால் சட்சம் பஞ்சமமாகும். இத்தகைய விகிதங்களைக் கொண்டு வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் ஆகியவற்றின் அமைப்பையும் பழைய பண்களையும் ஆராய்ந்தார்.

1943இல் மூன்றாவது பெரிய அழைப்பு வந்தது. முந்தைய ஆண்டு தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக வரும்படி கேட்டது. அவருக்கு வயது 51. ஏற்றுக்கொண்டார், இறுதிவரை அப்பதவியில் இருந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட 'யாழ் நூல்', 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம், ஜூலை 19 அன்று, அடிகள் கொழும்பில் காலமானார். அவரது உடல் கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டு, சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது.

அந்தக் கல்லடியில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகிறது. இசையும் நடனமும் அங்கே பட்டப்படிப்புகள்.