ரேஷன் கடையும் ஷிப்டு பஸ்ஸும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடத்தில் வருமான ஏற்றத்தாழ்வின் தேர்தல் வரலாறு

1967 தேர்தலில் தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்று வாக்குக் கேட்டது. ஆட்சிக்கு வந்தபின் அது சென்னையிலும் கோவையிலும் ஒரு படியாக நடைமுறைக்கு வந்தது. படி குறைந்தாலும் முழக்கம் நிலைத்தது. இருப்பவர், இல்லாதவர் என்ற வேறுபாட்டைத் தமிழகத் தேர்தல் களம் அன்று முதல் அடுப்படியில் வைத்தே அளந்து வருகிறது. சம்பளத்தில் உள்ள வேறுபாடு அந்த அளவைக்குள் வரவே இல்லை. அதன் விளைவை ஸ்ரீபெரும்புதூரில் துலக்கமாகப் பார்க்கலாம்.

ஏரிப் பாசன ஊர்களாக இருந்த இந்தப் பகுதியில், இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் கார்கள் வெளிவந்தன. பிறகு நோக்கியா, சாம்சங், ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர். ஆலை வாசல் ஒன்றுதான். உள்ளே போகிறவர்கள் மூன்று வகை: நிரந்தரம், டிரெய்னி, காண்ட்ராக்ட். பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தாலும் மாதக் கடைசியில் கைக்கு வரும் தொகை வேறு. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். அதை நிறைவேற்றிக் காட்டுவேன் என்பதையே முதல் வாக்குறுதியாக வைத்து இங்கே எந்தப் பெரிய கட்சியும் களமிறங்கியதில்லை.

2006 ஜனவரியில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டு மே மாதத் தேர்தலில் பேசப்பட்டவை இரண்டு ரூபாய் அரிசியும் வண்ணத் தொலைக்காட்சியும். 2014 நவம்பர் 1 அன்று அந்த ஆலை மூடப்பட்டபோது மக்களவைத் தேர்தல் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அடுத்த சட்டமன்றத் தேர்தல் 2016இல். வேலை இழந்தவர்களில் பலர் அதற்குள் ஊர் திரும்பிவிட்டார்கள்.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர்களில் பலருக்குப் படுக்கை விடுதியில், வாக்கு சொந்த ஊரில். 2021 டிசம்பரில் விடுதி உணவால் தோழிகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். வாக்குச்சாவடியில் ஒலிக்க வழியில்லாத குரல் சாலையில் ஒலித்தது.

2023இல் அடுப்படி அளவையும் ஆலை அளவையும் அருகருகே வந்தன. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளும் தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்ததால் மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு மாதம் 1,000 ரூபாய். அந்தப் பணத்தின் அருமை அதை வாங்கும் பெண்களுக்குத் தெரியும். அதைக் குறைத்துப் பேசுவது அநியாயம். ஆனால் ஒரே வேலைக்கு வெவ்வேறு கூலி ஏன் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரமும் ஊதிய உயர்வும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்ற சி.ஐ.டி.யு. தலைவர் அ. சவுந்தரராசன் 2011இல் சட்டமன்றத்துக்குப் போனது பெரம்பூரிலிருந்து. இந்தத் தொகுதியிலிருந்து அல்ல. அவருடைய மார்க்சிஸ்ட் கட்சியோ வேலைநிறுத்தத்தின்போது ஆளும் கூட்டணியில் இருந்தது. கூலிக்காக வாக்களிக்க விரும்பியவர் யாரைத் தேர்ந்தெடுப்பது? யாரையும் தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் ஒரு வழி: பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மறுத்த ஏகனாபுரம் மக்கள், அதே ஆண்டு மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள்.

விடுதியில் தங்குவோரின் வாக்கு சொந்த ஊரிலேயே இருக்க வேண்டியதில்லை: வழக்கமாக வசிக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிந்துகொள்ள 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இடம் தருகிறது. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்க அரசே 2024இல் குடியிருப்பைத் திறந்திருக்கிறது. வாக்காளர் சேர்ப்பு முகாமைத் தேர்தல் அதிகாரிகள் அந்தக் குடியிருப்பின் வாசலில், ஷிப்டு முடியும் நேரத்தில் நடத்த வேண்டும்.