முத்துக் கரையிற் சிறுதேர்

கொற்கை, தூத்துக்குடி, திருச்செந்தூர் ஆகிய ஊர்களைக் கொண்ட முத்துக் கரையின் வரலாறு பெரும்பாலும் வணிக வரலாறாகவே எழுதப்பெற்றுள்ளது. முத்தையும் சங்கையும் பற்றிய குறிப்புகள் பல. அக்கரையில் வளர்ந்த குழந்தை எதனைக் கையிற்கொண்டு விளையாடியது என்னும் ஆராய்ச்சியோ அரிது. இதற்குக் காரணம் உண்டு. ஓலையும் மரமும் மட்கும் இயல்பின. கொற்கையில் 1968-69ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது போன்ற அகழாய்வுகள் சுடுமண்ணையும் சங்கையும் தரவல்லன. ஓலைக் கிலுகிலுப்பையைத் தருதல் அரிது. ஆதலின் ஈண்டு இலக்கியமும் வாழும் வழக்குமே நமக்குச் சான்றாகும்.

கோழியை ஓட்ட மகளிர் எறிந்த காதணி, சிறுவர் உருட்டும் மூன்று கால் சிறுதேரின் வழியை மறிப்பதாகப் பட்டினப்பாலை கூறும். இக்காட்சி காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவது வழக்கம். நாம் அணியை விடுத்துத் தேரை நோக்குவாம். குதிரையில்லாத அத்தேரைக் குழந்தையே உருட்டுகின்றது. அதனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே, பெரும்பாணாற்றுப்படையில், ஏறிச்செல்லலாகாத சிறுதேரை உருட்டித் தளர்ந்த புதல்வர் பாலுண்டு உறங்குதலைக் கூறுகின்றார். குறுந்தொகையின் 61ஆம் பாட்டும் தச்சன் செய்த சிறுதேரைக் கையால் இழுத்து மகிழும் சிறுவரை உவமையாக்குகின்றது. குழந்தை தன் முயற்சியால் ஒன்றை இயக்கி மகிழ்தல் இம்மூன்றிடத்தும் பொதுவாதல் காண்க.

இச்சிறுதேர் பிற்காலத்தில் பிள்ளைத்தமிழின் ஒரு பருவமாயிற்று. முத்துக் கரையிலேயே எழுந்த நூல் பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பருவங்கள் பத்து. காப்பு முதல் அம்புலி ஈறாகிய ஏழனுள் ஆடுபொருள் எதுவும் இன்றியமையாததன்று. செங்கீரையில் குழந்தையின் உடலும், தாலில் நாவும், சப்பாணியில் கையும், வாரானையில் காலும் ஆட்டத்துக்குப் போதும். அம்புலியில் வானத்து மதியே தோழன். சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் இறுதி மூன்றிலேதான் மணலும் பறையும் தேரும் வருகின்றன. இவ்வரிசையை வெறும் பாட்டியல் மரபெனக் கொள்ளுதல் போதாது. குழந்தை வளர்ச்சியைக் கூர்ந்து கண்ட தாயரின் அறிவும் அதனுள் அடங்கியுள்ளது என்பது எம் கருத்து.

வாழும் வழக்கும் இதற்கு அரணாகின்றது. தூத்துக்குடிக் கரையின் தேரி நிலம் பனைக்குப் பேர்போனது. பனையோலையை முடைந்து உள்ளே சிறு கற்களை இட்டால் கிலுகிலுப்பை. அசைத்த கைக்கு ஒலி உடனே விடையளிக்கும். நடை பயிலும் குழந்தைக்குத் தச்சர் செய்தளித்தது மூன்று உருளை நடைவண்டி. பட்டினப்பாலைத் தேரின் நேர்வழித் தோன்றல் இதுவெனத் துணிதற்குச் சான்றில்லை. எனினும் வடிவ ஒப்புமை கருதத்தக்கது. நடை தேர்ந்தபின், நுங்கு உண்டு எஞ்சிய இரு கூடுகளைக் குச்சியாற் கோத்துக் கவைக்கோலால் தள்ளுவது நுங்கு வண்டி.

இயற்கைப் பொருள் எல்லாம் குழந்தைக்கு ஏற்றவை எனக் கொள்ளற்க. இக்கரையிற் கிடைக்கும் சோழி தொண்டையை அடைக்கும், குன்றிமணி நஞ்சுடையது. கழங்கும் அம்மானையும் பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களில் இடம்பெறுதல் ஈண்டு நினைக்கத்தக்கது. புலவர் இதனைக் காப்பு விதியாக வகுத்தார் எனக் கூறோம். ஆயினும் சிறு பொருள் பிற்பருவத்துக்கு உரியதாயிற்று என்பது தெளிவு. ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் அகலமுடைய குழலுள் முழுதும் அடங்கும் பொருளை மூன்று அகவைக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுத்தலாகாது என்பது இக்கால அளவை. இந்தியாவில் விளையாட்டுப் பொருள்களின் தர ஆணை 2021 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

குழந்தைக்குப் பொருள் தேர்வோர் அதன் விலையையும் நிறத்தையும் நோக்குமுன், அது எப்பருவத்துக்கு உரியது, குழந்தை தானே இயக்கற்பாலதா என்னும் இரண்டனையும் வினவுதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு காட்டும் நெறி.

தூத்துக்குடிக் கடலின் பெரு முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. அதன் வரலாறு ஆவணங்களில் நிலைபெற்றுள்ளது. ஓலைக் கிலுகிலுப்பைக்கு அத்தகைய ஆவணம் இல்லை. மணப்பாடு முதலிய ஊர்களில் ஓலை முடையும் மகளிரிடம் பொருள்களின் பெயரையும் முடையும் முறையையும் கேட்டெழுதுதல், இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர் முதற்கண் செய்யத்தக்க பணியாகும்.