பங்குக்கு விலை சொல்வது யார்?

இன்னைக்குக் கேள்வி ரொம்ப சிம்பிள். அப்பா விட்டுட்டுப் போன ஒரு வீடு, மூணு வாரிசு. ஒருத்தர் அதே வீட்டில் இருக்கணும்னு நினைக்கிறார். மத்தவங்களுக்குப் பணம் வேணும். இருக்கிறவர் வீட்டை பேங்க்ல அடமானம் வெச்சு லோன் எடுத்து, மத்தவங்க பங்கை வாங்கிடுறார். இப்ப இது சாதாரணமா நடக்குது. ஆனா இது நடக்க ரெண்டு விஷயம் வேணும்: பங்குக்கு ஒரு விலை, அதைக் கொடுக்கப் பணம். இந்த ரெண்டும் எப்படி வந்ததுங்கிறதுதான் இன்றைய கதை.

முதல்ல விலை. கும்பகோணம் மாதிரி ஊர்களில், பழைய தெருக்களில் நீளமான வீடுகளுக்கு நடுவுல ஒரு சுவர் போறதைப் பார்த்திருப்பீங்க. பல இடங்களில் அது அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. 19-ஆம் நூற்றாண்டில் கோர்ட்டுக்குப் போனாலும் பெரும்பாலும் இதே வழிதான். பிரிச்சா வீடு உருப்படாதுன்னு தெரிஞ்சாலும், வித்துப் பணத்தைப் பங்கு போடுங்கன்னு உத்தரவிட நீதிபதிக்கு அதிகாரம் இல்லை.

அதை மாத்தினது 1893-ல வந்த பிரிவினைச் சட்டம். பிரிக்க முடியாத சொத்துன்னா, பாதி அல்லது அதுக்கு மேல பங்கு வெச்சிருக்கிறவங்க கேட்டால் கோர்ட் விற்பனைக்கு உத்தரவிடலாம். அப்படிக் கேட்டதுமே, மத்த பங்குதாரர் "நானே வாங்கிக்கிறேன்"னு சொல்லலாம். விலையை கோர்ட் மதிப்பிட்டுச் சொல்லும். அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு இன்னும் சுவாரஸ்யம்: குடும்பம் குடியிருக்கிற வீட்டில் ஒரு பங்கை வெளியாள் வாங்கிட்டு வந்து பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்து ஆளே அந்தப் பங்கை மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கலாம். இந்தச் சட்டம் இன்னைக்கும் அமலில் இருக்கு.

அடுத்து பணம். பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்குறது மெட்ராஸுக்குப் புதுசு இல்லை. 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டமே, பத்திரத்தை ஒப்படைச்சு அடமானம் வைக்கக்கூடிய ஊர்கள்னு கல்கத்தா, பம்பாயோட மெட்ராஸையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுது. 1872-ல ஆரம்பிச்ச மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் மாதிரி நிதிகளும் இங்கே இருந்தன. 1977-ல எச்.டி.எஃப்.சி. தொடங்கின பிறகு, மாசச் சம்பளக்காரங்க பல வருஷத் தவணையில் அடைக்கிற வீட்டுக்கடனும் மெல்ல மெல்லப் பரவினது.

சரி, விலை இருக்கு, பணம் இருக்கு. ஆனா யார் பங்குக்கு? இங்கதான் கதை மாறுது.

பெண்களுக்கும் சம சொத்துரிமை வேணும்னு 1929-லயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956-ல இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தப்போ, அப்பா சுயமா சம்பாதிச்ச வீட்டில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கிடைச்சது. அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஒரு வாரிசு தன் பங்கை விற்கணும்னா மத்த வாரிசுகளுக்கு முன்னுரிமை கொடுத்தது. ஆனா 23-ஆம் பிரிவு? குடும்பம் முழுசா குடியிருக்கிற வீட்டில், ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவு பண்ற வரைக்கும் மகள் பாகம் கேட்கவே முடியாது. அங்கே குடியிருக்கிற உரிமையும் கல்யாணம் ஆகாதவருக்கும், விதவைக்கும், கணவர் கைவிட்டவர் அல்லது அவரைப் பிரிஞ்சு வந்தவருக்கும் மட்டும்தான். நம்ம பாஷையில் சொன்னா, ரீட் பெர்மிஷன் உண்டு, எக்ஸிக்யூட் பெர்மிஷன் இல்லை. பங்கு பேப்பர்ல இருந்தது. அவள் கேட்கவே முடியாதுன்னா, அண்ணன் எதுக்கு விலை கொடுக்கணும்? அவன் எதுக்கு லோன் போடணும்?

1989-ல தமிழ்நாடு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு கொடுத்தது. ஆனா அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாது. 2005 செப்டம்பர் 9-ல மத்திய அரசின் திருத்தம் அமலுக்கு வந்து, அந்தக் கல்யாணக் கணக்கு போச்சு. 23-ஆம் பிரிவும் நீக்கப்பட்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லைன்னு 2020-ல வினீதா ஷர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆக, "தங்கச்சி பங்கை லோன் போட்டு வாங்கணும்"ங்கிற வாக்கியமே நம்ம தலைமுறையில்தான் முழு அர்த்தத்துக்கு வந்திருக்கு. அதுக்கு முன்னாடி பல வீடுகளில் "ஒரு கையெழுத்துப் போடும்மா"தான். அந்தப் பழக்கம் இன்னும் போகலை. சீரும் நகையும் செஞ்சாச்சேன்னு சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குறவங்க இப்பவும் இருக்காங்க. சீர் செஞ்சதால மட்டும் சட்டத்தில் பங்கு கழிஞ்சிடாது.

உங்க வீட்டில் இந்தப் பேச்சு வந்தா ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, கையெழுத்துக்கு முன்னாடி, யார் பக்கமும் சாயாத ஒரு மதிப்பீட்டாளர்கிட்ட வீட்டுக்கு விலை போடுங்க. ரெண்டு, வீட்டு மேல ஏற்கெனவே கூட்டா எடுத்த லோன் இருந்தால், பங்கை எழுதிக் கொடுத்ததால கடன் பொறுப்பு தானா போகாது. பழைய லோனை அடைச்சுப் புதுசா ஒருத்தர் பேர்ல எடுக்கணும், இல்லைன்னா பேங்க் எழுத்துபூர்வமா அவரை விடுவிக்கணும். இல்லாட்டி வீடு அண்ணனுக்கு, இ.எம்.ஐ. பொறுப்பு மட்டும் தங்கச்சிக்கும்.

நான் சொன்ன வாரிசுரிமை இந்துச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் விதிகள் வேற. அதைத் தனியா பேசுவோம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.